கண்ணாடித் தொட்டியில் பாசி: காரணமும் பரிகாரமும்

முடிச்சூர், வரதராஜபுரம், தாம்பரம் ஆகிய பகுதிகளில் கூடத்தின் ஒரு மூலையிலோ மாடித் தளத்திலோ அலங்கார மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்ப்போர் பலர் உளர். பொழுதுபோக்காகத் தொடங்கியோர் சிலர். தறிக்கும் தோட்டத்துக்கும் இடையே சிறிது உபவருமானம் கிடைக்கட்டும் என்று தொடங்கியோர் வேறு சிலர். இத்தொழிலுக்குப் பேர்போன கொளத்தூரிலிருந்து மீனும் செடியும் வாங்கிவந்து, கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, நீர் நிரப்பி, விளக்கும் அமைத்துவிடுகின்றனர். முதலிரண்டு வாரம் தொட்டி கண்ணுக்கு விருந்தாக இருக்கிறது. மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ கண்ணாடியில் பச்சை படர்கிறது. இலைமீது நூல்நூலாகப் பாசி தொங்குகிறது. சில தொட்டிகளில் நீரே பச்சைச் சாயம் கலந்ததுபோல் ஆகிவிடுகிறது. பாசி மூடிய செடியை எவரும் விலைகொடுத்து வாங்கார்.

அப்பொழுது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: பாசியைக் கொல்ல என்ன மருந்து? கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார். தோட்டம் வைத்திருப்போர் கொட்டகையில் இருக்கும் மயில்துத்தத்தை நினைத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டையும் நாடுமுன், பாசி எதை உண்டு வளர்கிறது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதை அறிந்தவருக்கு மருந்தின் தேவை பெரும்பாலும் இராது.

பாசி என்று நாம் ஒரே சொல்லால் சுட்டினாலும் அது ஒரு குலமன்று. பல குலங்கள் சேர்ந்த கூட்டம். இந்தியாவில் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டே இத்துறையை வளர்த்தார். அவருடைய மாணாக்கர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1959இல் வெளிவந்து உலகெங்கும் ஆய்வாளர் கையாளும் நூலாயிற்று. நம் ஊர்க் குளத்துப் பாசியைப் பற்றிய அறிவு நம் ஊரிலேயே விளைந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

கண்ணாடித் தொட்டியில் மீனையும் செடியையும் சமநிலையில் வாழவைத்துக் காட்டியவர் லண்டன் மாநகரின் இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் ஏற்கும் என்பது அவர் கருத்து. கருத்து சரிதான். எனினும் சில நாட்களில் முதிர்ந்த இலைகள் அழுகலாயின, நீர் கலங்கியது, கல்லின்மேலும் கண்ணாடியின்மேலும் வழவழப்பான பாசி படர்ந்தது. அவர் மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது, நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. 1850இல் அவர் இதனை வெளியிட்டார். பாசி வந்ததற்குக் காரணம் அழுகல் என்பதை அவர் கண்டுகொண்டதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இனிக் கணக்குக்கு வருவோம். மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் மேல்விளிம்பும் போக 110 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் 1 கிராம் உலர்தீனி இடுகிறோம். அதில் 40 சதவீதம் புரதம் எனில், அதனுள் அடங்கிய நைட்ரஜன் சுமார் 64 மில்லிகிராம். அதில் கால் பங்கை மீன் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதாகக் கொள்வோம். மீதி முழுதும் கழிவாகி, முதலில் அம்மோனியாவாகி, மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. அவ்வாறு ஒரு நாளில் சேரும் நைட்ரேட் சுமார் 210 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம். வாரத்துக்கு 13 மில்லிகிராமுக்கு மேல். வாரந்தவறாமல் கால் பங்கு நீரை மாற்றினால் போதும் என்று நம்புவோர் உண்டு. கால் பங்கு நீரை மாற்றினால் கால் பங்கு நைட்ரேட்டுதான் போகும். ஒவ்வொரு வாரமும் வரவு 13, கழிவு கால் பங்கு என்று எழுதிக்கொண்டே போனால், சில மாதங்களில் அந்தப் பேரேடு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் சென்றுதான் நிலைக்கும். ஆகவே செலவுப் பக்கத்தில் பெரும் தொகையை எழுதவேண்டியது செடி. செடி எழுதாவிட்டால் பாசி எழுதிவிடும்.

வரவு தீனியிலிருந்து மட்டும் வருவதன்று. நாம் ஊற்றும் நீரிலேயே நைட்ரேட் இருக்கக்கூடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்று இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. செடித் தொட்டிக்கோ 10 முதல் 20 வரை இருந்தாலே போதும். எனவே குடிப்பதற்கு ஏற்ற நீரும் தொட்டிக்கு மிகையான உரமாகலாம். வீட்டுக்கு வீடு கழிவறைத் தொட்டி புதைக்கப்பட்ட புறநகர்களில், ஆழமில்லாத கிணற்று நீரில் இது அதிகமாக இருக்க இடமுண்டு. மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டு கிணற்று நீரை ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது நன்று. நைட்ரேட் மிகுந்திருந்தால், மாடியில் பிடித்துவைத்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். குழாய் நீராயின் அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்திருந்தால் பெரும்பாலும் அகலும். அவசரமாயின் சில ஹைப்போ படிகங்களை வாளியில் கரைக்கலாம். வெளுத்த நூலில் எஞ்சிய குளோரினை முறிக்கப் பட்டறையில் இடுகின்றோமே, அதே ஹைப்போதான்.

இதைக் கேட்ட அன்பர் சிலர், அப்படியானால் உரத்தை அடியோடு நிறுத்திவிட்டால் பாசி பட்டினியால் மடியுமே என்பர். இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். செய்து பார்த்தால் விபரீதமாக முடியும். பயிரின் வளர்ச்சி, குறைவாக உள்ள சத்தின் அளவுக்கே அமையும் என்று ஜெர்மனியின் லீபிக் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பரப்பிய விதியைப் பயிரிடுவோர் அறிவர். யூரியாவை எவ்வளவு கொட்டினாலும் சாம்பல் சத்து இல்லாத நிலத்தில் பயிர் நிமிராது. தொட்டியிலும் அவ்வாறே. ஒளி மிகுந்து, சாம்பல் சத்தோ இரும்போ கரியமில வாயுவோ குறைந்தால் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வளராத செடியின் இலை பழுக்கும்; பழுத்த இலையிலிருந்து சத்துக் கசியும்; அக்கசிவு பாசிக்கு விருந்தாகும். மிகச் சிறிய அளவைக் கொண்டே பாசியால் வாழ முடியும், செடியால் முடியாது. பட்டினிப் போட்டியில் தோற்பது எப்போதும் செடிதான்.

தவிரவும், நைட்ரஜனை அறவே நிறுத்தினாலும் அஞ்சாத பாசி ஒன்று உண்டு. அதைப் பயிரிடுவோர் நண்பனாகவே அறிவர். வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே என்பவர், வயலில் தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு ஊட்டுகின்றன என்று 1939இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அதுவே பாசி உரமாயிற்று. நட்ட பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் தூவச் சொல்வது வழக்கம். அசோலாவின் இலைக்குள் குடியிருந்து அதற்கு நைட்ரஜன் தேடிக் கொடுப்பதும் இவ்வினத்துப் பாசியே. இவ்வினத்தில் பல, காற்றையே உண்டு வாழவல்லவை. வயலில் நமக்கு உரம் தந்து உதவுவது, கூடத்துத் தொட்டியில் செடியின் மேல் நீலம் பாய்ந்த பச்சை ஆடைபோல் போர்த்திக்கொண்டு, எடுத்தால் வழுவழுவென்று மண்வாடை வீசுகிறது. நைட்ரஜன் அற்ற நீரில் மற்றவை மெலிய இது மட்டும் செழிப்பதும் உண்டு. நாம் பட்டினி போட்டால் இதற்குப் போட்டியாளரை ஒழித்துக் கொடுத்தவராவோம்.

ஆகவே நாம் இறுக்கிப் பிடிக்க வேண்டிய கயிறு ஒளி. புதுத் தொட்டியில் முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். செடி வேர்பிடித்துப் புதுத்தளிர் விட்டபின் 8 மணி வரை கூட்டலாம். மாலையில் விருந்தினர் வந்தார்கள் என்று பத்து மணி வரை எரியவிடுவதும் மறுநாள் மறந்துவிடுவதும் கூடாது. நேரப்படி தானே எரிந்து அணையும் விசையை வாங்கிப் பொருத்திவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஒரு ஜோடி மீனின் விலையைவிட அது அதிகமாகலாம், ஆயினும் நாம் வாங்கச் சொல்லும் ஒரே சாதனம் அதுதான்.

சூரிய ஒளி வேறு. நமது பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், ஆண்டெல்லாம் நிழலாயிருந்த தெற்குச் சன்னலில் அப்போது வெயில் நேராக நுழையும். கோடையில் மேற்குச் சன்னல் அவ்வாறு. நன்றாக இருந்த தொட்டி பொங்கலுக்கு முன் திடீரென்று பச்சையாயிற்று என்போர், முதலில் அந்தச் சன்னலைப் பார்க்கட்டும். அங்கே ஒரு கெட்டித் துணித் திரை போதும். கத்திரி வெயிலில் நீர் 30 பாகையைத் தாண்டும்போது அழுகல் விரைவாகும். நீரில் தங்கும் பிராணவாயுவும் குறையும். அந்நாட்களில் தீனியைப் பாதியாக்குவதே நலம். மற்ற நாட்களிலும் இரண்டு மூன்று நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒரு நாள் பட்டினி இருந்தால் நல்ல நிலையிலுள்ள வளர்ந்த மீனுக்கு ஒரு கேடும் இல்லை.

செடி நடுவதில் சிக்கனம் ஆகாது. தொட்டியில் ஆங்காங்கே நாலு செடி நட்டுவைத்து அவை பெருகட்டும் என்று காத்திருக்கும் அந்த இடைக்காலமே பாசியின் காலம். முதல் நாளிலேயே அடித்தளத்தில் முக்காற்பங்கு செடியால் மூடவேண்டும். விரைவாக வளர்பவை முதலில் வேண்டும்: ஹைட்ரில்லா, நீர்முள்ளியின் உறவாகிய ஹைக்ரோபிலா, மருந்துக்கடைகளில் புகழ்பெற்ற நீர்ப்பிரம்மி ஆகியவை. இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டியதில்லை. கொட்டிக்கிழங்கும் சிறு ஆம்பலும் பிறகு அழகுக்கு. மேலே சிறிது மிதவைச் செடி இருந்தால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவையே எடுத்துக்கொண்டு நீரிலுள்ள சத்தை விரைந்து உறிஞ்சும். கூடவே நிழலும் தரும். வாரந்தோறும் அதில் பாதியை அள்ளி வெளியே எடுப்பது, தொட்டியின் மிகைச் சத்தைக் கையாலேயே அள்ளி எடுப்பதற்குச் சமம். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூல் முழுதும், தோட்டமண்ணும் நிறையச் செடியும் கொண்ட தொட்டியில் செடிகளே நீரைத் தூய்மை செய்யும் என்பதைத்தான் விளக்குகிறது.

இவ்வளவு செய்தபின்னும் பாசி தோன்றினால் அது எவ்வகை என்று பார்க்கவேண்டும். புதுத் தொட்டியில் படியும் பழுப்புத் தூள் ஒரு பொருட்டல்ல. துடைத்தால் போகும், சில வாரங்களில் தானே மறையும். கண்ணாடியில் குத்திட்ட பச்சைப் புள்ளியைச் சவரத் தகட்டால் சுரண்டலாம். நூற்பாசியை மருந்தால் அல்ல, கையால் வெல்லவேண்டும்: சொரசொரப்பான குச்சி ஒன்றை உள்ளே விட்டு, தாரில் நூல் சுற்றுவதுபோல் சுழற்றினால் கற்றையாக வந்துவிடும். நெசவாளர்க்கு இது சொல்லித்தர வேண்டிய வித்தையன்று. இலையோரத்தில் தாடிபோல் முளைக்கும் கரும்பாசி உண்மையில் செம்பாசிக் குலத்தைச் சேர்ந்தது. சாராயத்தில் இட்டால் சிவப்பாகும். அது பிடித்த இலையை மீட்க முயலாமல் கத்தரித்து எறிவதே வேலை மிச்சம்.

நீலப்பச்சை ஆடைக்கும் பச்சைத் தண்ணீருக்கும் இருட்டு நல்ல பரிகாரம். ஆடையாகப் படர்ந்ததை முதலில் குழாயால் உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீர் மாற்றி, விளக்கை அணைத்து, கறுப்புத் துணி அல்லது கெட்டிப் போர்வையால் தொட்டியை முழுதும் மூடிவிடவேண்டும். நான்கு நாள் திறக்கலாகாது, தீனியும் இல்லை. காற்று ஊதும் கருவி மட்டும் இரவு பகலாக ஓடவேண்டும். ஐந்தாம் நாள் திறந்து பாதி நீரை மாற்றவேண்டும். செடி இதைத் தாங்கும். எனினும் பச்சைத் தண்ணீரைக் கண்ட மாத்திரத்தில் எல்லோரும் வெறுக்க வேண்டியதில்லை. குஞ்சு பொரிப்போர் சிமெண்டுத் தொட்டிகளில் அதை வேண்டுமென்றே வளர்க்கின்றனர். நீர்த்தெள்ளு அதைத் தின்று பெருகும், நீர்த்தெள்ளைக் குஞ்சு தின்னும்.

மயில்துத்தம் பற்றி இப்பொழுது சொல்வோம். 1904இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை அழிக்க இதனைச் சிபாரிசு செய்தனர். பெருந்தேக்கத்துக்கு அது பொருந்தியது என்பதால் 110 லிட்டர் தொட்டிக்குப் பொருந்திவிடாது. பாசியைக் கொல்லும் தாமிரத்தின் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகியது; கடினநீரில் சற்று அகலும், மழைநீர் போன்ற மென்னீரில் மேலும் குறுகும். இறாலும் நத்தையும் மீனுக்கு முன்பே மடியும். வீட்டுத் தராசில் அதை நிறுத்து இடுவது எவர்க்கும் இயலாது. அளவு தப்பாமல் இட்டாலும் கேடு வேறு வழியில் வரும்: ஒரே நாளில் மடிந்த பாசி முழுதும் அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய்பிளக்கும். அழுகிய பாசி தான் உண்ட சத்தையெல்லாம் நீரில் திருப்பிவிட, இரண்டாவது பாசி முதலாவதைவிடக் கொழுத்து வரும். தாமிரமோ மணலில் தங்கிவிடும். திராட்சைக்கும் வெற்றிலைக்கும் போர்டோக் கலவையாகி நன்மை செய்யும் பொருளைத் தொட்டிக்குள் கொண்டுவராதிருப்பதே விவேகம் என்பது நமது துணிபு. பெயர் மட்டும் எழுதி உள்ளடக்கம் எழுதாத புட்டிகளையும் இதே கண்ணால் பார்க்கவேண்டும். அவற்றிற் சிலவற்றில் இருப்பதும் தாமிரமே.

பாசி தின்னும் மீன் என்று சக்கர் மீனை வாங்குவோர்க்கும் ஒரு வார்த்தை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் விரலளவில் பாசியைத் தின்பது மெய். பின்னர் அது ஓரடிக்கு மேல் வளர்ந்து, செடியைப் பெயர்த்து, தன் கழிவாலேயே பாசிக்கு உரமிடும். அந்நிலையில் மனமிரங்கி அதை ஏரியில் விடுகின்றனர். இரக்கம் தவறான இடத்தில் செல்கிறது. நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றையும் குடிக்கவல்லதாகையால் கெட்ட நீரிலும் அது சாகாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். அதன் முரட்டுத் தகடுகள் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் அது ஏற்கெனவே பரவி மீனவர்க்குத் தொல்லையாகிவிட்டது. முடிச்சூர் ஏரியில் விடுவது முடிச்சூரோடு நில்லாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் ஏரி, ஆறு, வீட்டுத் தொட்டி என்ற பேதம் இல்லை. மாடியிலன்றித் தரையில் தொட்டி வைத்திருப்போர் ஐப்பசிக்கு முன்பே இதை எண்ணிப் பார்க்கட்டும். பாசி தின்ன உயிர் வேண்டுமெனில் வாரிங்டன் வழியில் நத்தையும், சிறு இறாலும், இரண்டொரு மோலி மீனும் போதும்.

செடியும் இவ்வாறே. ஆகாயத்தாமரை, பூவின் அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்டதுதான். நம் நீர்நிலைகளை அது என்ன செய்தது என்பது கண்கூடு. நம் குளத்து ஹைட்ரில்லா 1950களில் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியே இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்குச் சென்று அங்கே பெருங்களையாகிவிட்டது. ஆகையால் தொட்டியிலிருந்து எடுத்த பாசியையும் மிதவைச் செடியையும் கத்தரித்த இலையையும் கால்வாயில் வீசலாகாது. மாடியில் சாக்கின்மேல் பரப்பி இரண்டு நாள் வெயிலில் சருகாகக் காயவிட்டு எருக்குழியில் சேர்க்கவேண்டும். வாரந்தோறும் மாற்றும் கால் பங்கு நீர் 28 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம், மருந்து எதுவும் சேராததாயின் கீரைப்பாத்திக்கு நல்ல உரநீர். இறைக்கும்போது அடிமணலில் படிந்த கசடும் சேர்ந்து வரும்படி குழாயின் வாயை மணலில் அழுத்திப் பிடிக்கவேண்டும்.